ரஷ்ய–உக்ரைன் போரும் அதன் ஆயுதங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் போரில் புதிதாக ஓர் ஆயுதம் களமிறங்கும்போதெல்லாம், இனி எல்லாம் மாறிவிடும் என்று தொலைக்காட்சி விவாதங்களில் பேசினார்கள். ஜாவலின், பைரக்தார், ஹைமார்ஸ், லெப்பர்டு, எஃப்-16, கின்ஷால் என்று அந்தப் பட்டியல் நீளும். பெரும்பாலானவற்றுக்குச் சில மாதங்கள் பொற்காலமாக இருந்தன. அதற்குள் எதிர்த்தரப்பு மாற்றுவழி கண்டுவிட்டது. கீழுள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தச் சில மாதங்களைப் பற்றியவை.

போர் தொடங்கியது 2014-இலா, 2022-இலா?

இரண்டையும் சொல்லலாம். 2014 பிப்ரவரி இறுதியில், எந்த நாட்டுச் சின்னமும் இல்லாத சீருடை அணிந்த ரஷ்யப் படையினர் கிரைமியாவின் முக்கிய இடங்களைக் கைப்பற்றினர். மார்ச் மாதத்தில் ரஷ்யா அந்தத் தீபகற்பத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஏப்ரலில் கிழக்கே தொன்பாஸ் பகுதியில் ரஷ்ய ஆதரவுப் படைகளுக்கும் உக்ரைன் இராணுவத்துக்கும் சண்டை மூண்டது. 2014 செப்டம்பரிலும் 2015 பிப்ரவரியிலும் மின்ஸ்க் நகரில் உடன்பாடுகள் கையெழுத்தாகியும் துப்பாக்கிச் சத்தம் அடங்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று நடந்தது முழு அளவிலான படையெடுப்பு. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் உக்ரைன் தன் இராணுவத்தைச் சீரமைத்துக்கொண்டது; பின்னர் புகழ்பெற்ற நெப்டியூன் ஏவுகணையும் அந்த இடைவெளியில்தான் உருவானது.

இரு தரப்பினரிடமும் ஒரே மாதிரியான ஆயுதங்கள் இருப்பது ஏன்?

ஒரே வீட்டுச் சொத்தைப் பிரித்துக்கொண்ட இரு பங்காளிகள் அவர்கள். சோவியத் ஒன்றியத்தின் ஆயுதத் தொழிலில் கணிசமான பகுதி உக்ரைன் மண்ணில் இருந்தது. டி-64 டாங்கியின் பிறப்பிடம் கார்கிவ். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் கனரக ஏவுகணைகளைச் செய்தது நிப்ரோ நகரின் யூஷ்மாஷ் ஆலை. பெரிய போர்க்கப்பல்கள் மிகோலாயிவ் நகரின் தளங்களில் கட்டப்பட்டன. ரஷ்யக் கருங்கடற்படையின் தலைமைக் கப்பலாக இருந்து 2022-இல் உக்ரைனிய ஏவுகணைகளால் மூழ்கிய மாஸ்க்வாவும் மிகோலாயிவில் கட்டப்பட்டதுதான்.

இதன் விளைவாக, போரின் தொடக்கத்தில் இரு படைகளும் டி-72 டாங்கி, 152 மில்லிமீட்டர் பீரங்கி, கிராட் பல்குழல் எறிகணை, எஸ்-300 வான்பாதுகாப்பு அமைப்பு, எஸ்யு-27 விமானம் ஆகியவற்றையே பயன்படுத்தின. (பல்குழல் என்ற சொல் ஈழப் போர்ச் செய்திகளைப் படித்தவர்களுக்குப் புதிதன்று.) தொலைவிலிருந்து பார்த்தால் எது யாருடைய வண்டி என்று தெரியாது. ரஷ்ய வாகனங்களில் வெள்ளைச் சாயத்தால் தீட்டப்பட்ட 'இசட்' எழுத்து பின்னர் அரசியல் சின்னமாகவே மாறியபோதும், தன் படையைத் தானே சுட்டுவிடாமல் இருப்பதற்கான அடையாளக் குறியாகவே அது பரவலாகப் புரிந்துகொள்ளப்பட்டது. இந்த ஒற்றுமையால் உக்ரைனுக்கு ஒரு நன்மையும் இருந்தது: ரஷ்யர்கள் விட்டுச்சென்ற டாங்கியைத் தனிப் பயிற்சி எதுவும் இல்லாமல் மறுநாளே திருப்பி ஓட்ட முடிந்தது.

உக்ரைன் தன் அணு ஆயுதங்களைக் கொடுத்துவிட்டதுதான் தவறா?

1991-இல் விடுதலை பெற்றபோது உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல் உக்ரைன் மண்ணில் இருந்தது. ஆனால் அவற்றை ஏவுவதற்கான கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது. அவற்றைப் பராமரிக்கும் பணமும் அன்றைய உக்ரைனிடம் இல்லை. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா ஆகிய மூன்றும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக எழுத்தில் வாக்களித்தன. அதன் பேரில் 1996-க்குள் கடைசி அணுகுண்டும் ரஷ்யாவுக்குச் சென்றுவிட்டது. அந்த ஆவணத்தில் இருப்பது உறுதிமொழிதான். மீறினால் படை அனுப்புவோம் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. அந்த வேறுபாட்டை அன்று பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

அதைவிடக் கசப்பான கதை ஒன்று உண்டு. 1999-இல் எரிவாயுக் கடனைக் கழிப்பதற்காக உக்ரைன் எட்டு டியு-160 குண்டுவீச்சு விமானங்களையும், மூன்று டியு-95 குண்டுவீச்சு விமானங்களையும், அணுகுண்டு சுமக்கும் 500-க்கும் மேற்பட்ட கேஎச்-55 ஏவுகணைகளையும் ரஷ்யாவிடம் ஒப்படைக்க உடன்பட்டது. 2022 இறுதியில் உக்ரைன் மீது விழுந்த சில ஏவுகணைகளின் சிதைவுகளை ஆராய்ந்தபோது, அவை அணுகுண்டு கழற்றப்பட்டு, வான்பாதுகாப்பைத் திசைதிருப்புவதற்காக வெறும் எடை பொருத்தி ஏவப்பட்ட பழைய கேஎச்-55கள் என்று தெரிந்தது.

2022-இல் ரஷ்யா கீவ் நகரைப் பிடிக்க முடியாமற் போனதற்கு ஜாவலின்தான் காரணமா?

ஒரு காரணம் மட்டுமே. அமெரிக்காவின் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையான ஜாவலின், இலக்கைப் பூட்டி விடுவித்தபின் தானே வழி தேடிச் செல்லும். மேலெழும்பி டாங்கியின் மிக மெல்லிய பகுதியான கூரைமீது பாயும். எய்தவர் அதற்குள் ஓடி ஒளிந்துகொள்ளலாம். பிரிட்டன் கொடுத்த டாங்கி எதிர்ப்பு ஏவுகணையான என்லா 12.5 கிலோ எடைதான். 800 மீட்டர் வரை சுடலாம். தெருமுனைச் சண்டைக்கு அதுவே வசதி. உக்ரைனின் சொந்தத் தயாரிப்பான ஸ்டுக்னாவை முக்காலியில் நிறுத்திவிட்டு, பதுங்குகுழிக்குள் அமர்ந்து திரையைப் பார்த்து இயக்கலாம்.

இவை மூன்றும் காணொளிகளில் நன்றாகத் தெரிந்தன. ஆனால் கீவைக் காத்ததில் பெரும்பங்கு, காணொளியில் அதிகம் தெரியாத பழைய சோவியத் பீரங்கிகளுக்கு உண்டு. முதல் நாளன்று ரஷ்ய வான்வழித் தரையிறங்கு படை வீரர்கள் ஹெலிகாப்டர்களில் வந்து ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் இறங்கினர். ஓடுதளத்தைப் பிடித்துவிட்டால் பெரிய விமானங்களில் படையைக் கொண்டுவந்து சில நாள்களில் தலைநகருக்குள் நுழைந்துவிடலாம் என்பது திட்டம். உக்ரைன் பீரங்கிகள் அந்த ஓடுதளத்தைக் குண்டும் குழியுமாக்கியதால் விமானங்கள் வரவே இல்லை. (உலகின் மிகப் பெரிய சரக்கு விமானமான மிரியாவும் அந்தச் சண்டையில்தான் அழிந்தது.) வடக்கே சாலையில் 60 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு நின்ற ரஷ்ய வாகன வரிசைக்கு எரிபொருளும் உணவும் போய்ச் சேரவில்லை, பனி உருகும் பருவத்துச் சேற்றில் சாலையைவிட்டு இறங்கவும் வழியில்லை. மார்ச் இறுதியில் ரஷ்யா அந்த முனையிலிருந்து பின்வாங்கியது.

டாங்கிகளின் காலம் முடிந்துவிட்டதா?

டாங்கி வெடித்து அதன் கோபுரம் வானில் பறக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. காரணம் வடிவமைப்பில் இருக்கிறது. டி-72 குடும்பத்து டாங்கிகளில் குண்டு நிரப்பும் ஆளுக்குப் பதிலாக இயந்திரம் உண்டு; அதற்கான 22 குண்டுகள் கோபுரத்தின் அடியில் வட்டத் தட்டில் அடுக்கப்பட்டிருக்கும்; மீதிக் குண்டுகள் வண்டிக்குள் ஆங்காங்கே செருகப்பட்டிருக்கும். கவசம் துளைக்கப்பட்டு ஒன்று பற்றிக்கொண்டால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். அமெரிக்காவின் ஆப்ராம்ஸில் குண்டுகள் தனி அறையில் இருப்பதால் ஆள்கள் பிழைக்க வாய்ப்பு அதிகம். எனினும் உக்ரைனுக்கு அமெரிக்கா கொடுத்த 31 ஆப்ராம்ஸ்களும் ட்ரோன்களுக்கு முன் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை.

முடிந்துவிட்டது டாங்கியின் காலமன்று, டாங்கிகள் அணிவகுத்துத் திறந்தவெளியில் பாயும் காலம் என்பது என் கணிப்பு. இப்போது அவை மரத்தோப்புக்குள் மறைந்திருந்து சில குண்டுகளைச் சுட்டுவிட்டு ஒளிந்துகொள்ளும் நடமாடும் பீரங்கிகளாகிவிட்டன. ரஷ்யர்கள் டாங்கியின்மேல் இரும்புக் கூண்டு கட்டினார்கள். பிறகு தகரக் கொட்டகையையே கவிழ்த்ததுபோல் முழுவதும் மூடினார்கள். அதற்கு ஆமை என்று பெயர் வந்தது. 2025 வாக்கில் பல தாக்குதல்களில் அவர்கள் டாங்கியை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ட்ரோன் கண்டுபிடிப்பதற்குள் சில நூறு மீட்டர் கடந்துவிட வேண்டும் என்பதே கணக்கு.

எறிகணைத் தட்டுப்பாடு என்று அடிக்கடி பேசப்பட்டது ஏன்?

இந்தப் போரின் முதல் இரண்டு ஆண்டுகளில் மிக அதிகமானோரைக் கொன்றது பீரங்கி. 2022 கோடையில் செவெரோதோனெட்ஸ்க் சண்டையின்போது ரஷ்யா நாளொன்றுக்குப் பல்லாயிரம் எறிகணைகளைப் பொழிந்தது. அந்த வேகத்துக்கு எந்த நாட்டின் ஆலையும் தயாராக இருக்கவில்லை. போருக்கு முன் அமெரிக்கா மாதம் சுமார் 14,000 எறிகணைகளையே செய்துகொண்டிருந்தது. அதாவது ஒரு மாத உற்பத்தி ஒரு நாள் சண்டைக்குக்கூடப் போதாது. பனிப்போர் முடிந்தபின் ஐரோப்பா தன் எறிகணை ஆலைகளை ஏறத்தாழ மறந்தே போயிருந்தது.

சிக்கல் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. உக்ரைனின் சோவியத் பீரங்கிகள் 152 மில்லிமீட்டர் குழல் கொண்டவை. மேற்கு நாடுகளின் எறிகணை 155 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டால் ஓர் இராணுவம் தன் பீரங்கிகளையே போர் நடக்கும்போது மாற்ற வேண்டியதாயிற்று. எம்777, சீசர், பன்ஸர்ஹவுபிட்ஸ 2000 என்று ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வகையைக் கொடுத்ததால், உதிரிப் பாகங்களைத் தேடும் பொறியாளர்களின் பாடு திண்டாட்டமாயிற்று. தொடர்ந்து சுட்டால் குழலின் உட்புறம் தேய்ந்து குறி தப்பும்; குழல் செய்யும் ஆலைகள் எறிகணை ஆலைகளைவிடக் குறைவு.

ஓராண்டுக்குள் பத்து இலட்சம் எறிகணைகள் தருவதாக 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. கெடு முடிந்தபோது ஏறத்தாழ பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. 2024 பிப்ரவரியில் செக் குடியரசின் அதிபர் பெத்ர் பவெல், ஐரோப்பாவுக்கு வெளியே 8,00,000 எறிகணைகள் வாங்கக் கிடைப்பதாகச் சொன்னபின்தான் நிலைமை ஓரளவு சீரடைந்தது. ரஷ்யாவுக்குக் கைகொடுத்தது வட கொரியா. எறிகணைகளும் குறுந்தொலைவு ஏவுகணைகளும் அங்கிருந்து வந்தன. 2024 இறுதியில் படைவீரர்களும் ரஷ்யாவின் குர்ஸ்க் முனைக்கு வந்தார்கள்.

ஹைமார்ஸ் உண்மையில் என்ன செய்தது?

சிறு லாரியில் ஆறு ராக்கெட்டுகள். செயற்கைக்கோள் வழிகாட்டலில் 70 கிலோமீட்டருக்கு மேல் பறந்து சில மீட்டர் பிழையில் விழும். 2022 ஜூன் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்தது. ரஷ்ய இராணுவம் எறிகணைகளை ரயிலில் கொண்டுவந்து முனைக்கு அருகே பெரிய கிடங்குகளில் குவித்து வைக்கும் வழக்கமுடையது. அந்தக் கிடங்குகள் ஒவ்வொன்றாக வெடித்தன. கெர்சோனில் நிப்ரோ ஆற்றின் குறுக்கேயுள்ள அந்தோனிவ்ஸ்கி பாலம் திரும்பத் திரும்பத் துளைக்கப்பட்டு, மேற்குக் கரையிலிருந்த ரஷ்யப் படைக்கு வழங்கல் அறுந்தது. நவம்பர் 11 அன்று உக்ரைன் படை கெர்சோனுக்குள் நுழைந்தது. ரஷ்யப் பிடியிலிருந்த மகியிவ்கா நகரில் 2023 புத்தாண்டு இரவில் ஒரே கட்டடத்தில் தங்கியிருந்த ரஷ்ய வீரர்கள்மீது நடந்த தாக்குதலில் 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே ஒப்புக்கொண்டது. அத்தனை பேரை ஒரே கூரையின்கீழ் தங்கவைத்தது யார் என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது.

பிறகு ரஷ்யா கிடங்குகளைச் சிறிதாக்கி, பின்னுக்குத் தள்ளி, பரப்பி வைத்தது. செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குழப்பும் கருவிகளை நிறைய நிறுவியது. அதன்பின் ஹைமார்ஸின் குறி முன்புபோல் இல்லை. செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்த எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டின் நிலை இன்னும் மோசமாயிற்று.

ட்ரோன்கள் போரை எப்படி மாற்றின?

ஒரே சொல்லால் குறித்தாலும் இவை நான்கைந்து வேறுவேறு ஆயுதங்கள். முதலில் வந்தது துருக்கியின் பைரக்தார் டிபி2. ரஷ்ய வான்பாதுகாப்பு குழம்பியிருந்த முதல் வாரங்களில் அது நன்றாகச் செயல்பட்டது. ரேடார்கள் ஒழுங்காக இயங்கத் தொடங்கியதும், மெதுவாகப் பறக்கும் அந்தப் பெரிய விமானம் முனையிலிருந்து விலக்கப்பட்டது. அடுத்தது, திருமணங்களைப் படம்பிடிக்கப் பயன்படும் சீனத்து மாவிக். அதைக் கையில் வைத்திருந்த சிறு அணிக்கு, முன்பு படைத்தளபதிகளுக்கு மட்டும் கிடைத்த பறவைப் பார்வை கிடைத்தது. பீரங்கிக் குழு முதல் குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து இரண்டாவதைத் திருத்தலாம். உண்மையான மாற்றம் இங்கேதான் நிகழ்ந்தது என்பேன். மறைந்து படை திரட்டுவது என்ற பழைய கலை ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

2023 முதல் களத்தை ஆள்பவை எஃப்பிவி எனப்படும் பந்தய ட்ரோன்கள். இயக்குபவர் கண்ணில் திரைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா வழியே பார்த்து அதை ஓட்டுவார். கீழே, தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி ராக்கெட்டின் வெடிமுனை கட்டப்பட்டிருக்கும். விலை 400 அல்லது 500 டாலர். பல இலட்சம் டாலர் பெறும் டாங்கியின் இயந்திரப் பகுதியையும், திறந்திருக்கும் மூடியையும், பதுங்குகுழியின் வாயிலையும் தேடிச் சென்று அது மோதும். பல ட்ரோன்கள் குறி தவறும், அடுத்ததை அனுப்புவார்கள். 2024-இல் பத்து இலட்சம் ட்ரோன்கள் செய்வோம் என்று அதிபர் ஸெலென்ஸ்கி அறிவித்தபோது பலர் நம்பவில்லை. அந்த எண்ணிக்கை தாண்டப்பட்டது. அதே ஆண்டில் ஆளில்லா ஆயுதங்களுக்கென்றே உக்ரைன் தனிப்படை அமைத்தது.

இதற்கு முறிமருந்து, வானொலி அலையைக் குழப்புவது. குழப்பும் கருவிகள் டாங்கிமீதும் லாரிமீதும் முளைத்தன. ட்ரோன் செய்வோர் அலைவரிசையை மாற்றினர். எதிரி அதையும் குழப்பினான். இந்தத் துரத்தல் சில வாரங்களுக்கு ஒருமுறை நடந்தது. 2024-இல் ரஷ்யர்கள் வேறொரு வழி கண்டார்கள்: நூல்கண்டுபோல் ஒளியிழைச் சுருளைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன். அலையே இல்லாதபோது எதைக் குழப்புவது? பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் சாலையோரம் இறங்கி, வண்டி வரும்வரை காத்திருக்கவும் அதனால் முடியும். 2024 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்த உக்ரைன் படை 2025 மார்ச்சில் அங்குள்ள சுட்ஜா நகரை விட்டு வெளியேற நேர்ந்ததற்கு, அங்கே செல்லும் ஒரே முக்கியச் சாலையை இந்த இழை ட்ரோன்கள் அடைத்துவிட்டது பெரிய காரணம். இன்று முனைக்கருகே பல கிலோமீட்டர் நீளச் சாலைகளின் மேல் மீன்பிடி வலைகளைப் பந்தல்போலக் கட்டியிருக்கிறார்கள். காயம்பட்டவரை முன்பு ஒரு மணி நேரத்தில் மருத்துவரிடம் சேர்த்தார்கள். இப்போது வண்டி நெருங்க முடியாததால் நாள்கணக்கில் பதுங்குகுழியிலேயே வைத்திருக்க நேர்கிறது.

2025 ஜூன் 1 அன்று ரஷ்யாவின் உட்பகுதியிலேயே நடந்த தாக்குதலும் ட்ரோன்களால்தானா?

ஆம். லாரிகளில் ஏற்றிய மரக் குடில்களின் கூரைக்குள் 117 சிறு ட்ரோன்கள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. விமானத் தளங்களுக்கு அருகே லாரிகள் நின்றதும் கூரை திறந்தது. அவற்றுள் சைபீரியாவின் பெலாயா தளம் உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. 41 விமானங்களைத் தாக்கியதாக உக்ரைன் கூறியது. செயற்கைக்கோள் படங்களில் அழிந்தவையாகத் தெரிந்தவை அதைவிடக் குறைவு. ஆனாலும் டியு-95 போன்ற விமானங்களின் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால், இழந்தது இழந்ததுதான்.

ஷாஹெட் ட்ரோனைச் சுட்டு வீழ்த்துவது கடினமா?

கடினமில்லை; கட்டுப்படியாவதுதான் கடினம். ஈரானிய வடிவமைப்பான ஷாஹெட்-136 மூன்றரை மீட்டர் நீளம், 200 கிலோ எடை கொண்டது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், பழைய மொபெட் வண்டியின் சத்தத்தோடு வரும். உக்ரைனியர்கள் அதை மொபெட் என்றே அழைக்கிறார்கள். 2022 செப்டம்பரில் முதன்முதலாக வந்தது. பின்னர் ரஷ்யா கெரான்-2 என்ற பெயரில் ததார்ஸ்தானின் யெலாபுகாவில் தானே செய்யத் தொடங்கியது. விலை 20,000 முதல் 50,000 டாலர் வரை என்று தொடக்கத்தில் மதிப்பிட்டார்கள். அதை வீழ்த்த அமெரிக்காவின் பேட்ரியாட் வான்பாதுகாப்பு ஏவுகணையை ஏவினால் செலவு சுமார் 40 இலட்சம் டாலர். எறும்பை நசுக்க யானையை வாடகைக்கு எடுப்பது போன்றது அது.

ஆகவே உக்ரைன் மலிவான வழிகளைத் தேடியது. நாடு முழுவதும் கம்பங்களில் பல்லாயிரக்கணக்கில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, மொபெட் சத்தம் எந்தத் திசையில் நகர்கிறது என்று கணித்தார்கள். அந்தத் திசையில் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய சிறு லாரிகள் விரைந்தன. ரஷ்யா ஷாஹெட்களை மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி அனுப்பியபோது துப்பாக்கி எட்டவில்லை. இப்போது ஷாஹெட்டைத் துரத்தி மோதும், சில ஆயிரம் டாலரே பெறும் இடைமறிப்பு ட்ரோன்கள் வந்துள்ளன. எண்ணிக்கையும் ஏறியிருக்கிறது: 2025 செப்டம்பர் 7 அன்று ஒரே இரவில் 800-க்கும் மேற்பட்டவை வந்ததாக உக்ரைன் விமானப்படை அறிவித்தது. அவற்றுள் கணிசமானவை வெடிமருந்தே இல்லாத போலிகள். எது போலி என்று ரேடாருக்குத் தெரியாது.

கின்ஷால், ஒரெஷ்னிக் ஆகியவற்றைத் தடுக்கவே முடியாதா?

கின்ஷால் தடுக்க முடியாதது என்று ரஷ்யா 2018 முதல் சொல்லிவந்தது. 2023 ஏப்ரலில் பேட்ரியாட் உக்ரைனுக்கு வந்தது. மே 4 அன்று கீவ் வானில் முதல் கின்ஷால் வீழ்த்தப்பட்டது. மிக்-31 விமானத்திலிருந்து ஏவப்படும், தரையிலிருந்து ஏவும் இஸ்கந்தரை ஒத்த ஏவுகணைதான் அது. எனினும் பேட்ரியாட் இருக்கும் நகரங்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. மற்ற நகரங்களுக்கு இல்லை. விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்குவதற்காக வடிவமைத்த பழைய கேஎச்-22 ஏவுகணை 2023 ஜனவரி 14 அன்று நிப்ரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின்மேல் விழுந்து 46 பேரைக் கொன்றது. அதைத் தடுக்கும் கருவி அன்று உக்ரைனிடம் இல்லை.

ரஷ்யாவின் நடுத்தொலைவு ஏவுகணையான ஒரெஷ்னிக் வேறு வகை. 2024 நவம்பர் 21 அன்று நிப்ரோவின் யூஷ்மாஷ் ஆலைமீது ஏவப்பட்டது. விண்ணிலிருந்து ஆறு வெடிமுனைகள் பிரிந்து ஒளிக்கீற்றுகளாக இறங்கின. அணு ஆயுதத்துக்கென வடிவமைத்த முறையை வெறும் உலோக மோதலுக்குப் பயன்படுத்தியதால் ஆலைக்கு ஏற்பட்ட சேதம் வேகத்துக்கு ஏற்றதாக இல்லை. அது ஐரோப்பாவுக்கு எழுதப்பட்ட கடிதம். முகவரிக்கு மட்டும் நிப்ரோவைப் பயன்படுத்தினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சறுக்குக் குண்டு என்றால் என்ன?

கிடங்குகளில் கிடந்த 500 கிலோ, 1,500 கிலோ சோவியத் குண்டுகளுக்கு மடிப்பு இறக்கையும் வழிகாட்டும் கருவியும் பொருத்தி ரஷ்யா உருவாக்கியது. விமானம் பல பத்து கிலோமீட்டர் தொலைவிலிருந்தே விட்டுவிட்டுத் திரும்பிவிடும்; குண்டு தானே சறுக்கி வந்து சேரும். ஏவுகணையோடு ஒப்பிட்டால் விலை அற்பம். ஆனால் கான்கிரீட் கட்டடத்தையே தரைமட்டமாக்கும். 2024 பிப்ரவரியில் கிழக்கு உக்ரைனின் அவ்தீவ்கா நகரம் வீழ்ந்ததில் இதன் பங்கு பெரிது. குண்டைச் சுடுவதைவிட விமானத்தைச் சுடுவதே பயன் தரும். அதற்குத் தொலைதூர வான்பாதுகாப்பை முனைக்கருகே கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் ட்ரோன் கண்டுபிடித்துவிடும்.

கடற்படையே இல்லாத உக்ரைன் கருங்கடலில் எப்படி வென்றது?

உக்ரைன் தன் ஒரே பெரிய போர்க்கப்பலான ஹெத்மான் சஹைதாச்னியை, எதிரி கையில் சிக்கிவிடக் கூடாதென்று போரின் முதல் நாள்களிலேயே மிகோலாயிவில் தானே மூழ்கடித்துக்கொண்டது. ஆறு வாரங்களுக்குப் பின், 2022 ஏப்ரல் 14 அன்று, கரையிலிருந்து ஏவிய இரண்டு நெப்டியூன் ஏவுகணைகள் தாக்கியதில் மாஸ்க்வா மூழ்கியது. ஜூன் 30 அன்று ரஷ்யா பாம்புத் தீவை விட்டு விலகியது. போர் தொடங்கியவுடன் மோந்த்ரோ உடன்படிக்கையின்படி துருக்கி தன் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு அடைத்துவிட்டதால், இழந்த கப்பலுக்கு மாற்றுக் கப்பலை ரஷ்யா வெளியிலிருந்து கொண்டுவர முடியவில்லை.

மீதியைச் செய்தது மகுரா. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள, ஆளில்லாத இந்தப் படகு, நீர்மட்டத்தோடு ஒட்டி இரவில் பல நூறு கிலோமீட்டர் செல்லும். ஒன்று கப்பலின் பின்புறத்தில் மோதித் துளையிடும், அடுத்தது அதே துளைக்குள் புகும். 2024-இல் ஐந்தே வாரங்களுக்குள் இவானோவெத்ஸ், ட்சேசர் குனிகோவ், செர்கேய் கோத்தோவ் என்ற மூன்று கப்பல்கள் இவ்வாறு மூழ்கின. அந்த ஆண்டின் கடைசி நாளில் மகுரா, ஏவுகணை பொருத்தப்பட்டு ஒரு ஹெலிகாப்டரையும் வீழ்த்தியது. செவஸ்தபோலில் இருந்த முக்கியக் கப்பல்களை ரஷ்யா கிழக்கே நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்கு மாற்றிக்கொண்டது. 2023 ஜூலையில் ரஷ்யா தானிய உடன்பாட்டிலிருந்து விலகியபின்னும் ஒடேசாவிலிருந்து தானியக் கப்பல்கள் புறப்பட முடிந்தது இதனால்தான்.

இந்திய இராணுவத்துக்கு இதனால் பாதிப்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. சென்னை ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட அஜேயா டாங்கி, டி-72 வகை. பீஷ்மா, டி-90 வகை. கோபுரத்தடியில் குண்டு அடுக்கும் அதே அமைப்பு இவற்றிலும் இருப்பதால், உக்ரைன் காணொளிகளை ஆவடியில் உள்ளவர்கள் வெறும் செய்தியாகப் பார்த்திருக்க முடியாது. இந்தியக் கடற்படையின் பல பெரிய கப்பல்களை ஓட்டுவது மிகோலாயிவின் ஸோர்யா-மாஷ்ப்ரோயெக்ட் ஆலையின் எரிவாயுச் சுழலி. 2024 டிசம்பரில் ரஷ்யாவின் கலினின்கிராடில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்ட ஐஎன்எஸ் துஷில் போர்க்கப்பலில் உள்ளதும் உக்ரைனிய இயந்திரமே. போர் புரியும் இரு நாடுகளின் உழைப்பும் ஒரே கப்பலில் சேர்ந்த விந்தை அது. 2018-இல் ரஷ்யாவுடன் ஒப்பந்தமான ஐந்து எஸ்-400 வான்பாதுகாப்புத் தொகுதிகளில் கடைசி இரண்டு, போரால் தாமதமாயின.

இரு தரப்பும் வெளியிடும் இழப்புக் கணக்கை நம்பலாமா?

எதிரியின் இழப்பைப் பற்றிச் சொல்வதை நம்ப வேண்டாம். தன் இழப்பைப் பற்றிச் சொல்வதையும் நம்ப வேண்டாம். வாகனங்களைப் பொறுத்தவரை, படம் கிடைத்தவற்றை மட்டும் எண்ணும் ஓரிக்ஸ் குழுவின் பட்டியல் நம்பகமானது. அது குறைந்தபட்சக் கணக்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பொதுமக்கள் இறப்பில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பெயர் பெயராக உறுதிசெய்தது 2024 இறுதியிலேயே 12,000-ஐத் தாண்டியிருந்தது. ரஷ்யப் பிடியிலுள்ள மரியுபோல் போன்ற இடங்களுக்குள் அவர்கள் செல்ல முடியாததால் அதுவும் குறைந்தபட்சக் கணக்கே.

கொத்துக்குண்டும் கண்ணிவெடியும் தடைசெய்யப்பட்டவை அல்லவா?

கையெழுத்திட்ட நாடுகளுக்கு மட்டும். 2008-இன் கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையில் ரஷ்யாவும் இல்லை, உக்ரைனும் இல்லை, அமெரிக்காவும் இல்லை, இந்தியாவும் இல்லை. 2022 ஏப்ரல் 8 அன்று கிரமதோர்ஸ்க் ரயில் நிலையத்தில் வெளியேறக் காத்திருந்த மக்கள்மீது விழுந்த தோச்கா ஏவுகணை கொத்துக்குண்டு சுமந்தது. எறிகணைத் தட்டுப்பாட்டின் உச்சத்தில், 2023 ஜூலையில், அமெரிக்கா உக்ரைனுக்குக் கொத்துக்குண்டுகளைக் கொடுத்தது. நட்பு நாடுகளில் சில வெளிப்படையாகவே முகம் சுளித்தன.

ஆள்கொல்லிக் கண்ணிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் உக்ரைன் இருந்தது, ரஷ்யா இல்லை. 2025 ஜூனில் உக்ரைனும் விலகும் ஆணையில் ஸெலென்ஸ்கி கையெழுத்திட்டார். 2023 கோடையில் ஸபோரிஷியா முனையில் லெப்பர்டு டாங்கிகள், பிராட்லி கவச வாகனங்களுடன் தொடங்கிய உக்ரைனின் எதிர்த்தாக்குதல் ரோபோதினே கிராமத்தைத் தாண்டி அதிக தூரம் போகாததற்கு முதற்காரணம் கண்ணிவெடி வயல்கள்தாம். பூவிதழ் என்று பெயர்பெற்ற சிறு பச்சை வெடியை ராக்கெட்டில் நிரப்பி ஆயிரக்கணக்கில் தூவுகிறார்கள். புல்லுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, மிதித்தால் பாதம் போய்விடும். வெடி இருக்கக்கூடும் என்று உக்ரைன் அரசு முதலில் கணக்கிட்ட பரப்பு 1,74,000 சதுர கிலோமீட்டர். அது தமிழ்நாட்டின் பரப்பைவிடப் பெரிது. கார்கிவ், மிகோலாயிவ் வட்டாரங்களில் அரசுக் குழுக்கள் வரும்வரை காத்திருக்க முடியாத சில விவசாயிகள், பழைய டிராக்டருக்குத் தொலைவியக்கி பொருத்தி, அழிந்த ரஷ்ய வாகனங்களின் கவசத் தகடுகளை அதன்மேல் கட்டி, தங்கள் கோதுமை வயல்களைத் தாங்களே உழுது பார்க்கிறார்கள்.